பின்னணியில் எதுவும் தெரியக்கூடாது

மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். ஒன்றில்கூட அந்த இடம் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எங்கிருந்து தொடங்கினாலும் கடைசியில் நான் இங்கேதான் வந்து முட்டிக்கொள்கிறேன்.

படங்களை எடுத்தவர் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் வேலை செய்கிறார். எல்லாருக்கும் அவர் ரோலரக்கா. துவைத்துப் பிழிந்த படுக்கை விரிப்புகளைச் சூட்டில் அழுத்தி, சுருக்கமில்லாமல் அந்தப் பக்கம் தள்ளும் ஆளுயர ரோலர் இயந்திரம் ஒன்று அங்கே இருக்கிறது. அதன் வாயில் விரிப்பைக் கொடுப்பதுதான் அக்காவின் வேலை. இரண்டு மூலைகளையும் இழுத்துப் பிடித்துக் கொடுக்க வேண்டும், சரியான நொடியில் கையை எடுத்துவிட வேண்டும். இருபத்திரண்டு வருடங்களில் மூன்று முறை அந்த நொடி தப்பியிருக்கிறது. இடது முழங்கையின் கீழே மூன்று பட்டைத் தழும்புகள். மறுபக்கம் விரிப்பை வாங்கி மடிப்பவர் மடிப்பக்கா. இயந்திரத்தின் இரைச்சலில் இருவரும் கத்திக் கத்திப் பேசிப் பழகி, வெளியே வந்தாலும் சண்டை போடுவதுபோலத்தான் பேசுவார்கள்.

கோடையில் அந்தக் கொட்டகைக்குள் ஐந்து நிமிடம் நின்றாலே எனக்குத் தலை சுற்றியது. மத்தியானம் அரைமணி நேர இடைவேளையில் எல்லாரும் துணி மூட்டைகள் மேல் சாய்ந்துவிடுவார்கள். அக்கா மட்டும் கேமராவை எடுத்துக்கொண்டு பின்கதவைத் திறப்பார்.

"போ போ, உன் சம்பந்தி வீட்டு ஆளுங்க வந்து காத்துக்கிட்டு இருப்பாங்க" என்பார் மடிப்பக்கா.

"வந்தவங்களுக்கு ஒரு வாய் தண்ணி குடுக்கணும்ல!"

உண்மையில் அங்கே வருகிறவர்களுக்குக் கிடைத்ததும் தண்ணீர்தான். சலவைப் பிரிவின் சுவருக்கும் மதில் சுவருக்கும் நடுவே இருபது தப்படி அகலத்தில் ஒரு துண்டு நிலம். அலசின தண்ணீர் போகும் குழாயில் ஓர் இணைப்பு பல வருடங்களாக ஒழுகிக்கொண்டிருந்தது. யாரும் சரிசெய்யவில்லை. ஊரெல்லாம் தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தபோது அந்த இடம் மட்டும் சொதசொதவென்று இருந்தது. சுற்றிலும் எருக்கு, முள், பெயர் தெரியாத கொடிகள். நடுவில் கால் உடைந்த கட்டில்கள், துருப்பிடித்த தள்ளுவண்டி, பஞ்சு பிதுங்கிய மெத்தை. கோடையில் பல வகைப் பட்டாம்பூச்சிகளுக்குப் பூவைவிடச் சேறு முக்கியம். ஈர மண்ணில் இருக்கும் உப்பை உறிஞ்சக் கூட்டம் கூட்டமாக வந்து உட்காரும். வெள்ளையன்கள், சின்னச் சின்ன நீலன்கள், சில நாள் எண்பது, நூறு. எருக்கஞ்செடிகளில் வெந்தய வரியன் முட்டை வைக்கும். கருப்பு விளிம்பும் ஆரஞ்சு இறகுமாக ஒரு பூச்சி, அக்காவுக்கு அதுதான் செல்லம்.

அக்கா எனக்குப் பழக்கமானது படங்கள் வழியாக. எங்கள் ஊரில் பட்டாம்பூச்சி பார்க்கிறவர்களுக்குப் போனில் ஒரு குழு இருக்கிறது. கோடைக் கணக்கெடுப்புக்கு வருகிற படங்களைப் பார்த்து, இனம் என்னவென்று எழுதி வைப்பது என் பொறுப்பு. குழுவில் பீரங்கி மாதிரி லென்ஸ் வைத்திருக்கும் வங்கி அதிகாரி உண்டு, காடு காடாகச் சுற்றும் வாத்தியார் உண்டு. ஆனால் தினமும் சாயங்காலம் அக்காவின் படம் வந்தால்தான் எல்லாரும் வாயைப் பிளப்போம். பூச்சி அப்படியே துல்லியமாக நிற்கும். அதன் பின்னால் பட்டுத்துணி விரித்ததுபோல ஒரே பச்சை. ஒரு காய்ந்த குச்சி, ஒரு கிழிந்த இலை தெரியாது. "பின்னணி என்னா சுத்தம்! எந்தப் பார்க்குக்கா இது?" என்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி. "ஆஸ்பத்திரி பின்னாடி" என்று அவர் எழுதுவார். ஆஸ்பத்திரியில் அழகான தோட்டம் இருக்கிறது போல என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்தக் கோடையில் ஒருநாள் நேரில் போனேன். பிளீச்சிங் வாடை, சேறு, மெத்தை. நான் ஆடிப்போய் நின்றதைப் பார்த்து அக்கா சிரித்தார்.

"என்ன பாப்பா, பார்க்கைத் தேடுறியா?"

பிறகு எப்படி எடுப்பார் என்று காட்டினார். பழைய தலையணை உறையை மடித்து முழங்கைக்கு அடியில் போட்டுக்கொண்டு மண்ணில் படுத்தார். ஒரு வெள்ளையன் சேற்றில் உட்கார்ந்திருந்தது. மூச்சு விடுகிற சத்தம்கூட இல்லாமல் விரலளவு விரலளவாக நகர்ந்து, பின்னால் குழாய் வராத கோணத்துக்குப் போனார். குழாய் போனதும் மெத்தை வந்தது. உடனே தோளில் போட்டிருந்த துணியை ஒரு கையால் உதறிப் பூச்சிக்கு அரை அடி பின்னால் பிடித்தார். ஆபரேஷன் தியேட்டரில் நோயாளி மேல் போர்த்துகிற பச்சைத் துணி, கிழிந்ததால் கழித்துப் போட்டது. நாங்களெல்லாம் வாயைப் பிளந்த பட்டுப் பச்சை அதுதான்.

இந்தச் சுத்தம் அக்காவுக்கு வந்தது தம்பியிடமிருந்து.

அக்காவும் தம்பியும் மட்டுந்தான் வீட்டில். தம்பி கடைகளுக்கு விளக்குப் போர்டு மாட்டிக்கொண்டிருந்தவர். ஊரின் கடைத்தெருவில் பாதிப் போர்டு அவர் கையால் ஏறியது. மாட்டி முடித்து விளக்கு எரிந்ததும் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்வார், அதற்காக வாங்கியதுதான் அந்தக் கேமரா. ஐந்து வருடங்களுக்கு முன் ஏணி சரிந்து முதுகெலும்பு உடைந்தது. இடுப்புக்குக் கீழே ஒன்றும் இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுத்த சக்கர நாற்காலி கதவுக்குப் பின்னால் மடிந்து, துவைத்த துணி போடும் கொடியாகிவிட்டது. ஒருநாள்கூட அவர் அதில் ஏறித் தெருவுக்கு வரவில்லை. "அந்தத் தெருவை நான் மேலேருந்து பாத்தவன். கீழேருந்து பாக்க மாட்டேன்" என்பது அவர் பேச்சு. கட்டிலுக்கு நேரே ஒரு சன்னல், சன்னலுக்கு நேரே பக்கத்து வீட்டுச் சுவர். ஐந்து வருடங்களாக அவர் பார்த்தது அந்தச் சுவரைத்தான்.

சாயங்காலம் அக்கா வேலை முடிந்து வந்து கட்டில் விளிம்பில் உட்கார்ந்து, அன்றைய படங்களைக் கேமராவின் சின்னத் திரையில் ஒவ்வொன்றாகக் காட்டுவார். தீர்ப்புச் சொல்வது தம்பி. நான் போயிருந்த அன்றும் நடந்தது.

"இது என்னாக்கா, பின்னாடி பைப்பு தெரியுது. அழி."

"ரெக்கை எவ்வளவு நல்லா வந்திருக்கு பாருடா!"

"ரெக்கை வந்தா போதுமா? போர்டு மாட்டினா பின்னாடி ஒத்தக் கம்பி தெரியக்கூடாது. தெரிஞ்சுதுன்னா அது வேலையே இல்ல. அழி."

"அழிச்சுட்டேன், ஜட்ஜய்யா."

"இதுல செடியெல்லாம் தெரியுது. அழி. இது... ம், வெச்சுக்கோ. இது நல்லா தொடைச்சு வெச்ச மாதிரி இருக்கு."

இருபது படத்தில் இரண்டு தப்பும். ஒரு நாளில் அந்த வீட்டில் பேச்சுக் கேட்கிற நேரம் அதுதான் என்று அக்கா பிறகு சொன்னார். மற்ற நேரமெல்லாம் தம்பி சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பார். இந்தக் கோடையில் சாப்பாட்டையும் பாதிக்குப் பாதி குறைத்திருந்தார்.

நான் போயிருந்த வாரத்தின் வியாழக்கிழமை அக்கா ஒரு கூட்டுப்புழுவைப் படமெடுத்து வந்தார். எருக்க இலைக்கு அடியில் தலைகீழாகத் தொங்கியது. வெந்தய வரியனுடையது. நகத்தளவு, இளம்பச்சை, மேலே ஊசிமுனையால் வைத்ததுபோலத் தங்கப் புள்ளிகள். தம்பி வழக்கமாக ஒரு நொடியில் தீர்ப்புச் சொல்கிறவர், அன்று சொல்லவில்லை.

"இது எதுல தொங்குது? கம்பி எங்க?"

அக்கா பெரிதாக்கிக் காட்டினார். உச்சியில் கறுப்பாக, முடியளவு ஒரு காம்பு. அவ்வளவுதான்.

"ஒத்தப் புள்ளியிலயா தொங்குது? காத்தடிச்சா?"

"ஆடும். விழாது."

"ஒரு போல்ட்டு இல்ல, ஒண்ணும் இல்ல... எந்த மெக்கானிக்குக்கா இதை மாட்டினது?" திரும்பவும் காட்டச் சொன்னார். மூன்றாவது தடவையும் பார்த்தார். "எப்ப வெளிய வரும்?"

"ஒம்பது நாளு, பத்து நாளு ஆகும்."

"வர்றப்ப சொல்லு. நேர்ல பாக்கணும்."

சொல்லிவிட்டு அவரே திடுக்கிட்டுப் போனார் போலிருக்கிறது. "சும்மா சொன்னேன்" என்றார். அதற்குள் அக்கா சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டார். தண்ணீர்ச் சத்தத்தில் அழுகைச் சத்தம் கேட்காதாம். மறுநாள் நாற்காலியிலிருந்த துணியையெல்லாம் எடுத்துவிட்டுச் சக்கரத்துக்கு எண்ணெய் போட்டார். தம்பி வேண்டாம் என்று சொல்லவில்லை.

சலவைப் பிரிவுக்குப் பின்னால் வெளியாட்கள் போகக் கூடாது. எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். அக்கா சொல்லச் சொல்லக் கடிதத்தைத் தட்டிக் கொடுத்தது நான். வருகிற சனிக்கிழமை காலை, அரைமணி நேரம், நடக்க முடியாத தம்பியைச் சக்கர நாற்காலியில் அழைத்து வந்து பட்டாம்பூச்சி பார்க்க அனுமதி வேண்டும். கூடவே மூன்று படங்களை அச்செடுத்து வைத்தோம். இருப்பதிலேயே சுத்தமான மூன்று. தேர்ந்தெடுத்தது நான். அதையும் சொல்லியாக வேண்டும்.

புதன்கிழமை ஆஸ்பத்திரியின் பெரிய டாக்டரம்மா அக்காவை அறைக்குக் கூப்பிட்டார். படங்கள் மூன்றும் அவர் மேசைக் கண்ணாடிக்கு அடியில் இருந்தனவாம்.

"இது நெஜமாவே நம்ம ஆஸ்பத்திரியா?"

"ஆமாங்கம்மா. நம்ம சலவைக்குப் பின்னாடி."

"இத்தனை வருஷமா எனக்குத் தெரியாமப் போச்சே! தம்பியைத் தாராளமா கூட்டிட்டு வாங்க. ஆமா, சேர் உருள்றதுக்கு வழி இருக்கா?"

"கொஞ்சம் மேடு பள்ளமா இருக்கும்மா. நான் பாத்துக்கறேன்."

"நீங்க எதுக்கு? அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம்."

இந்த வார்த்தையை அக்கா என்னிடம் போனில் பத்துத் தடவை சொல்லியிருப்பார். "நாங்க பாத்துக்கறோம்னாங்க பாப்பா! என்னைப் போய் நீங்க, வாங்கன்னு பேசுறாங்க!" எனக்கும் சந்தோஷத்தில் ஒன்றும் ஓடவில்லை. அப்படியே விட்டுவிடுங்கள், ஒன்றையும் தொடாதீர்கள் என்று கடிதத்தில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். அக்காவுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. தினமும் பார்க்கிறவருக்கு அந்தச் சேறும் எருக்கும்தான் இடம் என்பது சொல்லித் தெரிய வேண்டிய விஷயமா?

வியாழக்கிழமை மத்தியானம் கூட்டின் பச்சை மங்கத் தொடங்கியிருந்தது. "நாளைக்குக் கறுக்கும். நாளான்னைக்குக் காலையில கட்டாயம் வெளிய வந்துரும்" என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை அவருக்கு வார விடுமுறை. தம்பிக்கு முகம் மழித்து, முடி வெட்டி, ஒரு சட்டையை இஸ்திரி போட்டு வைத்தார். ஒரு நாளைக்கு எழுநூறு விரிப்பு தேய்க்கிறவர், அந்த ஒரு சட்டைக்கு அரைமணி நேரம் எடுத்துக்கொண்டாராம்.

சனிக்கிழமை காலை நானும் போனேன். கடைத்தெருவுக்குள் நுழைந்ததும் தம்பி நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். பிறகு மெல்ல நிமிர்ந்தார்.

"அந்த மருந்துக்கடை போர்டு சாஞ்சிருக்கு பாருக்கா. எவன்டா அதுல கையை வெச்சான்?"

"ஏறிச் சரிபண்ணுடா" என்றார் அக்கா. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் தம்பி சிரித்துவிட்டார்.

முடிதிருத்தும் கடைக்காரர் கையில் சீப்போடு வெளியே ஓடி வந்தார். "யோவ்! அஞ்சு வருஷமா தலையைக் காணோம், வேற கடைக்குப் போயிட்டியோன்னு நெனச்சேன்!"

"எங்கக்காதான்யா வெட்டுறா. உன்னைவிட மோசமா வெட்டுறா."

தெருவே சிரித்தது. நான் அக்கா முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒரு முகத்தை நான் பார்த்ததில்லை. இனி பார்ப்பேனா என்றும் தெரியவில்லை.

சலவைப் பிரிவைச் சுற்றிக்கொண்டு போனபோது சக்கரங்கள் கொஞ்சமும் குலுங்காமல் உருண்டன. புதிதாகச் சிமெண்டுக் கல் பதித்திருந்தார்கள். அக்காவின் நடை மெதுவானது. மூலை திரும்பினோம்.

எருக்கு இல்லை. முள் இல்லை, கொடி இல்லை, கட்டில் இல்லை, மெத்தை இல்லை. சுவரிலிருந்து சுவர்வரை கல். குழாயின் இணைப்பை மாற்றிப் புதுசாகப் பூட்டியிருந்தார்கள், ஒரு சொட்டு இல்லை. ஓரமாக வரிசையாகக் கலர் இலைத் தொட்டிகள். ஒரு சிமெண்டு பெஞ்சு. மதில் சுவரில் ஒரு போர்டு: வண்ணத்துப்பூச்சிப் பூங்கா. அதில் பெரிதாக அக்கா எடுத்த படம். அந்தப் பச்சைப் பின்னணியோடு.

தோட்டக்காரர் துடைப்பத்தோடு நின்றிருந்தார். முகமெல்லாம் பெருமை. "வாங்கக்கா! நேத்து பூரா ஆறு பேரு வேலை. பெரிய டாக்டரம்மா போட்டோவைக் காட்டி, இதே மாதிரி சுத்தமா இருக்கணும், அந்தக்காவுக்குத் தெரியாம செஞ்சு வெய்யுங்கன்னாங்க. ஒரு புல்லு விடலை, பாருங்க!"

"அந்த எருக்கஞ்செடி..." என்றார் அக்கா.

"எல்லாத்தையும் வண்டியில ஏத்தியாச்சுக்கா. எவ்வளவு குப்பை! நீங்க எப்படித்தான் அதுல உக்காந்தீங்களோ."

"வண்டி எங்க போச்சு?"

"எரிக்கிற எடத்துக்குத்தான். நேத்தே போயிருச்சு."

அவர் உள்ளங்கையில் கொப்புளம் கட்டியிருந்தது. அக்கா அந்தக் கையைப் பார்த்தார். பிறகு, "ரொம்ப நல்லா இருக்குண்ணே" என்றார். அதைச் சொன்ன குரலை என்னால் எழுத முடியவில்லை. திட்டவாவது யாராவது ஒருத்தர் இருந்திருக்கலாம். அங்கே கெட்டவர் யாருமே இல்லை.

ஒரு வெள்ளையன் மதிலைத் தாண்டி வந்தது. கல்லுக்கு மேலே தாழப் பறந்து ஒரு சுற்று, இன்னொரு சுற்று, ஈரம் தேடியது. பிறகு வந்த வழியே போய்விட்டது. தம்பி அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, போர்டை அண்ணாந்து பார்த்தார்.

"பின்னாடி கம்பி தெரியுது" என்றார். பிறகு, "போலாம்க்கா."

திரும்பும்போது தெரு முழுக்க அவர் தன் முழங்காலையே பார்த்துக்கொண்டு வந்தார். முடிதிருத்தும் கடைக்காரர் எதையோ கேட்டபோதும் நிமிரவில்லை.

அன்று சாயங்காலம் அக்கா கேமராவோடு கட்டில் விளிம்பில் உட்கார்ந்தார். எனக்கும் போன் செய்தார். "பாப்பா, நீயும் உன்கிட்ட இருக்கறதெல்லாம் பாரு. ஒரே ஒரு படம் போதும். அந்த எடம் முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு காட்டி, மறுபடி அப்படியே விட்டுடுங்கன்னு அந்தம்மாகிட்ட கேக்கலாம்." நான் இங்கே தேடினேன், அவர்கள் அங்கே தேடினார்கள். ஒரு சேறு, ஒரு ஒழுகும் குழாய், ஒரு முழு எருக்கஞ்செடி. மூவாயிரத்துச் சொச்சம் படங்களிலும் பச்சை, பச்சை, பச்சை. முடிவில் தம்பி சொன்னதை அக்கா என்னிடம் அப்படியே சொன்னார்.

"தோட்டக்காரன் ஒருநாள்தான்க்கா அழிச்சான். நாம தெனமும் உக்காந்து அழிச்சோம்."

பிறகு சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டார். அதற்கப்புறம் அவர் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. "அழி" என்றுகூடச் சொல்வதில்லை. நாற்காலி மறுபடி கதவுக்குப் பின்னால் போய்விட்டது, மேலே துணிகள். ஆறு வாரமாகிறது.

அக்கா டாக்டரம்மாவிடமும் போய்ப் பார்த்தார். "அம்மா, அந்தப் பைப்பை மறுபடி கொஞ்சம் ஒழுக விடலாமா?" டாக்டரம்மா சிரித்துவிட்டாராம். "நல்லா இருக்கற பைப்பை ஒடைக்கச் சொல்றீங்களே! தொட்டியெல்லாம் வெச்சிருக்கோம்ல, வரும் வரும்." கையில் காட்ட ஒரு படம் இல்லாமல் அக்கா மேலே என்ன சொல்வார்? வணக்கம் சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

இப்போதும் மத்தியானம் பின்கதவைத் திறக்கிறார். மடிப்பக்கா சம்பந்தி கதை பேசுவதில்லை, அலசின தண்ணீரை ஒரு வாளியில் பிடித்துக் கொடுக்கிறார். அதை அக்கா கல் இடுக்குகளில் ஊற்றிவிட்டு உட்கார்ந்திருப்பார். கோடைக் கணக்கெடுப்பில் ஒன்றும் வராத நாளையும் எழுத வேண்டும் என்பது எங்கள் குழுவின் விதி. சாயங்காலம் தவறாமல் எனக்கு வருகிறது: "இன்னைக்கு இல்ல." நான் பட்டியலில் பூஜ்யம் போடுகிறேன்.

போன வாரம் மட்டும் அக்கா குழுவில் ஒரு படம் போட்டார். ஒன்றைக்கூட மறைக்காமல், துணி பிடிக்காமல், நின்றுகொண்டு எடுத்த படம். கல், பெஞ்சு, தொட்டிகள், குழாயின் புது இணைப்பு, போர்டு, போர்டின் கம்பி, நனைந்து பாதி காய்ந்த ஒரு திட்டு. எல்லாம் துல்லியமாக, விளிம்புவரை தெரிகிறது.

"பூச்சி எங்கக்கா? எவ்வளவு பெருசாக்கினாலும் தெரியலையே" என்று குழுவில் ஒருவர் கேட்டிருக்கிறார். இன்னும் நாலு பேர் தேடிப் பார்த்திருக்கிறார்கள்.

அக்கா பதில் போடவில்லை. அதனால்தான் நான் இதை எழுதினேன்.